கூழ் கவிழ்ந்தது எப்போது

விபத்து நடந்த இடத்துக்கு நோட்டும் பேனாவுமாக முதலில் போய் நிற்கப்போகிற புது விசாரணைக் குமாஸ்தாக்கள் நீங்கள். படிவத்தை எப்படி நிரப்புவது, வண்டி எண்ணை எங்கே குறிப்பது, யாருக்கு எத்தனை நகல் என்பதெல்லாம் ஆபீசிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அந்தப் பக்கம் நான் போகவில்லை. முப்பது வருஷம் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் அடுத்தவர் ஞாபகத்தை எழுதிச் சோறு தின்றவன் நான். அழுகிறவர், கத்துகிறவர், வாயே திறக்காமல் மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பவர், எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறேன்: என்ன நடந்தது? அதற்கு ஒருவர் எங்கும் தடுக்காமல், மதகு திறந்த தண்ணீர்போலப் பதில் சொன்னால் இன்றைக்கும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. எழுந்து நடக்கத் தோன்றுகிறது. ஏன் என்று சொல்லத்தான் இது.

ஐம்பதுகளின் கடைசி. ஆடி அமாவாசை. மேல்மலையனூர்க் கூட்டம் தாங்காது என்று திண்டிவனத்திலிருந்து எங்கள் கம்பெனி தனி பஸ் விட்டிருந்தது. அம்மனைப் பார்த்துவிட்டுக் கோயில் மணலிலேயே படுத்து எழுந்த ஜனங்களை ஏற்றிக்கொண்டு மறுநாள் காலை அந்த பஸ் திரும்பியது. செஞ்சி தாண்டி, திண்டிவனத்துக்குப் பாதி வழியில், கழனிப் பக்கத்து வண்டிப் பாதையிலிருந்து சைக்கிளில் ரோட்டுக்கு ஏறிய ஒருவர்மீது மோதியது. பக்கத்துக் கிராமத்து விவசாயி. அங்கேயே உயிர் போய்விட்டது. அவர் சைக்கிள் கேரியரில், ஆடியில் விதைக்க உரித்து வைத்திருந்த மல்லாட்டைப் பருப்பு, வேர்க்கடலைதான், ஒரு மூட்டை.

பஸ்ஸை ஓட்டியவர் சவரிமுத்து. முகையூர்க்காரர். பதினோரு வருஷம் ஸ்டியரிங் பிடித்து ஒரு கோழியைக்கூட அடிக்காதவர். வண்டியை எடுக்குமுன் சட்டைக்குள் கையை விட்டு ஜெபமாலையைத் தொட்டுக்கொள்வார். "சாமியாரே, பூசை முடிஞ்சுதா, போலாமா?" என்று கண்டக்டர் கோவிந்தன் தினமும் கேட்பான். "நீ ஒரு ஆளு கீறியே, அதுக்காகவே ரெண்டு தரம் தொட்டுக்கணும்டா" என்பார். அப்படி ஒரு மனுஷர்.

செய்தி வந்து அடுத்த பஸ் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது உடலை எடுத்துப்போயிருந்தார்கள். பருப்பை யாரும் எடுக்கவில்லை. தார்ரோட்டில், வெயிலில், ரோஜா நிறத்தில், ஒவ்வொன்றும் தனித்தனியாக மினுங்கிக்கொண்டு கிடந்தது. மிதிக்கக் கூடாது என்று யாரும் சொல்லாமலே ஜனங்கள் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள்.

புளிய மரத்தடியில் உட்கார்ந்து பயணிகளை விசாரித்தேன். பதினான்கு பேர். பதினான்கு பேரும் பருப்பைச் சொன்னார்கள். எந்தப் பக்கம் சிதறியது, எத்தனை தூரம் உருண்டது, ஒரு குழந்தை எடுத்து வாயில் போடப் போனதை யார் தட்டிவிட்டது, எல்லாம் கண்ணாடிபோலச் சொன்னார்கள்.

"ஹாரன் அடிச்சாரா?"

"தெரியல சார். பருப்பு சார்... ரோடு பூரா."

"வண்டி என்ன வேகம்?"

"அத்த கவனிக்கல சார். மூட்டை பிரிஞ்சு கொட்டுச்சு பாருங்க, அதான் கண்ணுலயே நிக்குது."

அந்தப் பதினான்கு பேரில் சேராத ஒரே ஒருத்திக்குப் பருப்பைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. ஓமந்தூர் பச்சையம்மா. டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்திருந்தவள். மடியில் ஒரு மண்பானை வைத்திருந்தாள். அம்மனுக்குப் படைத்த கேப்பைக் கூழ், ஊரில் படுத்திருக்கும் மாமியாருக்குக் கொண்டுபோனது. அந்தக் கூழ் பக்கத்தில் உட்கார்ந்திருந்த திண்டிவனத்து மண்டி வியாபாரியின் வெள்ளை வேட்டியில் கொட்டிப்போயிருந்தது. எனக்கு முன்னாலேயே இரண்டு பேரும் மோதிக்கொண்டார்கள்.

"கூழப் புடிக்கத் தெரியாதவ எதுக்கு பஸ்ஸு ஏர்றே?"

"தோ பாரு, ஆத்தா கூழு உன் வேட்டியில பட்டதுக்கு நீ புண்ணியம் பண்ணியிருக்கணும். கொரைக்கிற?"

"சார், இவ கூழக் கொட்டுனதும் நான் கத்துன கத்துல டிரைவரே திரும்பிப் பாத்தாரு, கேளுங்க."

"பிரேக்கு போட்டா பானை நிக்குமா? தூக்கிப் போட்டுச்சுய்யா! பானை கவுந்துச்சு, அப்பறமா இந்த ஆளு ஆடுனான். எனுக்கு என் பானைக்கு யாரு பதில் சொல்றது, அத்தச் சொல்லு மொதல்ல."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சாவு விழுந்த இடத்தில் சிரித்துவிட்டோமே என்று உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான். அவள் சொன்னதை இரண்டு வரியில் குறித்து, வாக்குமூலக் கட்டின் கடைசியில் செருகினேன். கூழ்க் கதைக்கு இங்கே என்ன வேலை என்று நினைத்தேன். இதுதான் என் முதல் தப்பு. சின்னதாகத்தான் தெரிந்தது.

மத்தியானம் திண்டிவனம் ஆபீசில் சவரிமுத்து என் எதிரே உட்கார்ந்தார். போலீசார் பெயரைக் குறித்துக்கொண்டு, மறுநாள் பத்து மணிக்கு எழுத்து மூலமான வாக்குமூலத்தோடு அழைத்து வரச் சொல்லிக் கம்பெனி பொறுப்பில் விட்டிருந்தார்கள். அந்த மனுஷர் கை முழங்கால்மேல் கிடந்தது. கிடந்தது என்றுதான் சொல்ல வேண்டும், வேறு யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போனதுபோல.

அவர் சொன்னதை அவர் சொன்னபடியே இங்கே வைக்கிறேன். அன்று அப்படி வைக்கவில்லை.

"சத்தம் சார்... பின்னாடி ஒரே சத்தம். திரும்புனேன். திரும்புனேனா... ஆமா, திரும்புனேன். பஸ்ஸு குலுங்குச்சு. சைக்கிளு. பருப்பு. நான் பாக்கல சார். பாத்திருந்தா... நான் பாக்கல. என் தப்பு சார். மாதாவே. என் தப்பு."

மறுபடி கேட்டேன். வரிசை மாறியது. குலுங்கல் முதலில் வந்தது, சத்தம் பிறகு வந்தது. மூன்றாம் முறை கேட்டேன். சத்தம் முதலில். நடுநடுவே அழுதார். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, நல்ல கையெழுத்து, நல்ல தமிழ். உடைந்த துண்டுகளை அப்படியே விடக் கை வராது. விசாரணைக் குமாஸ்தாக்கள் எல்லாருக்கும் உள்ள நோய் இது. எதிரே இருப்பவர் துண்டு துண்டாகத் தருவார். நாம் நூல் கோத்துத் தைத்து மடித்துக் கொடுப்போம். நான் எழுதினேன்:

'பின்னிருக்கையில் எழுந்த கூச்சலால் என் கவனம் சிதறித் திரும்பிப் பார்த்தேன். அவ்வேளையில் சைக்கிளில் வந்தவர் குறுக்கிட்டதை நான் காணவில்லை.'

வழக்கப்படி படித்துக் காட்டினேன். "சரியா?" என்றேன். தலையாட்டினார். ஒரு திருத்தம் செய்து மறுபடி படித்தேன். தலையாட்டினார். மூன்றாம் முறை படித்தபோது தலையாட்டல் உறுதியாக இருந்தது. அழுகையும் நின்றிருந்தது. பார், மனுஷர் தெளிந்துவிட்டார் என்று நினைத்தேன். கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

அவர் தெளியவில்லை. நான் அவருக்கு ஒரு ஞாபகத்தைக் கொடுத்திருந்தேன்.

இதை அப்போது சொல்ல எனக்கு வார்த்தை கிடையாது. வெகு காலம் கழித்து, டாக்டருக்குப் படித்த என் மகள் ஒரு பழைய கவரின் முதுகில் படம் போட்டுக் காட்டினாள். மூளைக்குள், இரண்டு பக்கமும், பாதாம் பருப்பு வடிவத்தில் ஒன்று இருக்கிறதாம். பயம், துக்கம், கோபம் என்று எது வந்தாலும் அது துடித்து எழுகிறது. அதை ஒட்டி, கடல்குதிரைபோலச் சுருண்டு இன்னொன்று. நடந்ததை வரிசைப்படுத்தி எடுத்துவைப்பது அதன் வேலை. பாதாம் பருப்பு கத்தினால் கடல்குதிரை பதறுகிறது. எதைப் பார்த்துக் கத்தியதோ அதை ஆழமாக வெட்டி வைத்துக்கொள்கிறது. பக்கத்தில் என்ன இருந்தது, எது முன்னால் எது பின்னால் என்பதைப் பல சமயம் கைவிட்டுவிடுகிறது. "அது மட்டும் இல்லப்பா" என்றாள். "ஞாபகத்த எடுத்துப் பாக்கற ஒவ்வொரு தடவையும் மூளை அத்தத் திரும்பவும் எழுதித்தான் வெக்கிது. எடுத்தப்போ என்ன ஒட்டுச்சோ, அதுவும் சேந்து உள்ள போயிடும்."

நான் அவளிடம் சொன்னேன், அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, லேசாகத் தூறிக்கொண்டிருந்தது என்று. பழைய நோட்டை எடுத்துப் பார்த்தால், என் கையெழுத்திலேயே இருக்கிறது: 'வானம் தெளிவு, சாலை உலர்ந்திருந்தது.' இப்போதும் கண்ணை மூடினால் தூறுகிறது. அது எங்கிருந்து வந்த மழை என்று எனக்குத் தெரியாது.

அன்றைக்கு வருவோம். மறுநாள் காலை ஏழு மணி. போலீசுக்குப் புறப்படுமுன் ஒரு தடவை சரிபார்த்துவிடலாம் என்று சவரிமுத்துவைக் கூப்பிட்டேன். நேற்றைய கசங்கிய சட்டையோடு நேராக நின்றார்.

"என்ன நடந்துச்சு, சொல்லுங்க."

"பின்னிருக்கையில் எழுந்த கூச்சலால் கவனம் சிதறித் திரும்பிப் பாத்தேன் சார். அவ்வேளையில..."

நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். முகையூர்ச் சவரிமுத்து. 'பாத்துக்கினு', 'போய்க்கினு' என்று பேசுகிறவர். அவர் வாயில் 'அவ்வேளை'. அது அவர் கண்டது கிடையாது. நான் எழுதியது. ஒரே ராத்திரியில் என் வரி அவர் தலைக்குள் போய் உட்கார்ந்து, இதுதான் நடந்தது என்று சட்டமாகப் பேசியது.

"சவரி, நிஜமாவே திரும்புனீங்களா?"

"கண்ணால கண்டது சார். ராத்திரி பூரா அதையே பாத்துக்கினு இருந்தேன். திரும்புறேன், திரும்புறேன், திரும்பிக்கினே இருக்கேன்."

முன்னைவிட உறுதியாகச் சொன்னார். நேற்று 'திரும்புனேனா' என்று கேட்டுக்கொண்ட மனுஷர் இன்று சத்தியம் செய்யத் தயார். உறுதி ஏறியிருக்கிறது, உண்மை ஏறவில்லை. இந்த இரண்டும் ஒன்றுபோலவே குரல் கொடுக்கும். அதைப் பிரித்துக் கேட்கக் காது வேண்டும். அன்று எனக்கு முதல்முறையாகக் காது அடைப்பு விட்டது.

மணி ஏழரை. இந்தத் தாள் போலீசுக்குப் போனால் அவர் ஜெயிலுக்குப் போவார். எழுதியதை வைத்துக்கொண்டு இருப்புக்கொள்ளாமல் ஆபீஸ் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். விபத்து வண்டியைப் பார்க்க விழுப்புரம் பட்டறையிலிருந்து வந்திருந்த மேஸ்திரி பக்கத்துக் கொட்டகையில் பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தார். என் வயதுதான். வாயைத் திறந்தால் நாலு கெட்ட வார்த்தைக்கு நடுவே ஒரு நல்ல வார்த்தை வரும்.

"இன்னா சார், பூனை மாரி நடக்குற? பேஜாராக்கீதா?"

சொன்னேன். அவர் காலை உதைத்து வெளியே வந்தார்.

"பிரேக்கு போட்ட தடம் பாத்தியா ரோட்டுல? எம்மாம் நீளம்? கடைசி நிமிசத்துல கண்டவன் போட்ட பிரேக்கு இல்ல சார் அது. முன்னாடியே கண்டவன் போட்டது. அவன் வாயக் கேட்டா அவன் அழுவான். காலக் கேளு, கையக் கேளு. வண்டியிலே குந்த வெச்சுக் கேளு."

சவரிமுத்து ஏற மறுத்தார். ஓட்ட வேண்டாம், உட்கார்ந்தால் போதும் என்று கெஞ்சி ஏற்றினோம். எஞ்சின் ஓடவில்லை. நான் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்தேன். என்ன நடந்தது என்ற கேள்வியை விழுங்கிவிட்டேன். சின்னச் சின்னதாகக் கேட்டேன்.

"வெயில் எந்தப் பக்கம் அடிச்சுது?"

"மூஞ்சிக்கு நேரா சார். கெழக்கப் பாத்துத்தானே வர்றோம்."

"எடது கை?"

"ஸ்டியரிங்குல."

"வலது கை?"

யோசிக்கவில்லை. கை தானாக ஜன்னல் பக்கம் போய் ஹாரனின் ரப்பர் பந்தைப் பிடித்தது. பிடித்தது மட்டுமில்லை, அமுக்கியது. காலையில் அந்த வெற்றுக் கொட்டகையில் பாம், பாம் என்று இரண்டு சத்தம். வலது கால் பிரேக்கை மிதித்தபடி நின்றது. உடம்பு விறைத்தது. அவர் எங்கேயும் திரும்பவில்லை. நேர் முன்னால் கண்ணாடியைப் பார்த்தார்.

"பாத்தேன் சார்" என்றார். குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது. "வர்றாரு. நான் அடிக்கிறேன். அவரு என்னப் பாக்குறாரு. வாயத் தொறந்துக்கினு, கண்ணு ரெண்டும் என் மேலயே. நான் மிதிச்சிக்கினே இருக்கேன், வண்டி நிக்கல சார். என் மூஞ்சியவே பாத்துக்கினு இருக்காரு."

அப்புறம்தான் அடி. அதற்கும் அப்புறம்தான் பின்னால் சத்தம். அந்தச் சத்தத்துக்குத்தான் அவர் திரும்பினார். உண்மையிலேயே திரும்பியிருக்கிறார். எல்லாம் முடிந்த பிறகு.

ஏன் மாற்றிக்கொண்டார்? அந்த முகத்தைப் பார்த்தேன் என்று சுமப்பதைவிட, பார்க்கவே இல்லை, என் தப்பு என்று சுமப்பது அவருக்கு இலேசாக இருந்திருக்கிறது. துக்கம் வரிசையைக் கலைத்தது. குற்ற உணர்ச்சி வேறு வரிசை கொடுத்தது. நான் அதற்கு மைபோட்டுக் கையெழுத்தும் வாங்கினேன். மூன்று பேரும் சேர்ந்து செய்த வேலை.

ஓடிப்போய்க் கட்டைப் பிரித்தேன். கடைசியில் கிடந்தது பச்சையம்மாவின் இரண்டு வரி: பிரேக் போட்டதும் பானை கவிழ்ந்தது, பிறகு சண்டை. டிரைவரைத் திருப்பிய கூச்சல் அந்த வியாபாரியுடையது, அது பிரேக்குக்குப் பிறகுதான் எழுந்தது. பதினான்கு பேரும் பருப்பில் கண்ணை விட்டார்கள். அவள் பயம் முழுக்கப் பானையில் இருந்தது. அதனால் பானைக்கு நடந்தது மட்டும் அவளுக்கு வரிசை தப்பவில்லை. நேற்றே என் கையில் இருந்தது. நான்தான் சிரித்துவிட்டு அடியில் போட்டேன்.

முதலாளியிடம் போனேன். காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"அவனே ஒத்துக்கினான், கையெழுத்தும் போட்டான். நீ இன்னாத்துக்கு இப்ப வேற பாட்டு பாடுற?"

"அது அவர் சொன்னது இல்லைங்க. நான் எழுதினது."

"எழுதத்தானே உன்ன வெச்சிருக்குது? போலீசுல போயி எங்க குமாஸ்தா தப்பா எழுதிட்டான்னு சொல்லட்டுமா? கம்பெனி மானம் இன்னா ஆவறது?"

"நானே சொல்லிக்கிறேன்ங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "போ. ஜல்தி போ. வந்து இந்த நாக்காலியத் தேடாத."

பத்து மணிக்கு இரண்டு தாளையும் கொண்டுபோய் வைத்தேன். முதல் தாள் என் தையல், இதைத் தைத்தவன் நான், என்று சொன்னேன். அங்கே இருந்த அதிகாரி என்னைத்தான் முதலில் சந்தேகப்பட்டார். யார் சொல்லிக்கொடுத்தது, எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டார். உட்காரச் சொல்லவில்லை. நாலு மணி நேரம் நின்றேன். கடைசியில் பச்சையம்மாவையும் வியாபாரியையும் கூப்பிட்டு விசாரிக்கலாம் என்று எழுதிக்கொண்டார். வழக்கு பதிவானது. சவரிமுத்து ஜாமீனில் வந்தார். என்னை விழுப்புரத்தில் டிக்கெட் கட்டு எண்ணும் வேலைக்கு மாற்றினார்கள். இரண்டு வருஷம் எண்ணிவிட்டுத்தான் பழைய நாற்காலிக்கு வந்தேன்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். கொட்டகையில் அவர் சொன்னதையும் எழுதி அன்றே படித்துக் காட்டினேன். 'இறந்தவர் மிரண்ட முகத்துடன் என்னையே பார்த்ததைக் கண்டேன்.' சரியா என்றேன். தலையாட்டினார்.

வழக்கு நடந்த அந்த ஏழெட்டு மாதத்தில் சவரிமுத்து பாதியாகிவிட்டார். வேலைக்கு வரவில்லை. பூசைக்குப் போனால் நடுவில் எழுந்து வெளியே வந்துவிடுகிறார் என்று கோவிந்தன் சொன்னான். ஒருநாள் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

"சார், நீங்க மொதல்ல எழுதினீங்களே, அதுவே இருந்திருக்கலாம்."

"உள்ள போயிருப்பீங்கய்யா."

"போயிருப்பேன். ரெண்டு வருசம், மூணு வருசம். வெளிய வந்திருப்பேன். இதுல வெளிய வரத் தோதே இல்லியே சார். கண்ண மூடுனா மெரண்டு போய்ப் பாக்குறாரு."

அவரை ஜெயிலிலிருந்து காப்பாற்றப் போய் அந்த முகத்துக்குள் தள்ளிவிட்டேனா? டிக்கெட் எண்ணும்போதெல்லாம் எண்ணிக்கை தவறியது.

தீர்ப்பு நாளன்று திண்டிவனம் கோர்ட்டுக்கு நானும் போயிருந்தேன். பச்சையம்மா முன்பே கூண்டில் ஏறிப் பானைக் கதையை மாஜிஸ்திரேட்டுக்கு ஆதியோடந்தமாகச் சொல்லியிருந்தாள். குறுக்கு விசாரணை செய்த வக்கீலிடம், "நீ பானை தூக்கியிருக்கியா சாமி? தூக்கினவளுக்குத் தெரியும், எப்ப கவுந்துச்சுன்னு" என்று சொல்லி, அவரையே உட்காரவைத்தாளாம். ஹாரன் அடித்திருக்கிறார், பிரேக் பிடித்திருக்கிறார், கவனக்குறைவு இல்லை. விடுதலை.

வெளியே வந்தோம். சவரிமுத்து முகத்தில் விடுதலை எதுவும் தெரியவில்லை. படியிறங்கி, வேப்ப மரத்தடியில் நின்றார். இறந்தவரின் மனைவி தன் தம்பியோடு அங்கே நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். தம்பி கோபமாகத்தான் நின்றான். அவள் அவனைத் தள்ளிவிட்டு நேரே வந்தாள். சவரிமுத்து கையைக் கூப்பினார்.

"அண்ணே, அவரு மூஞ்சியப் பாத்தீங்களாமே? உள்ள படிச்சாங்க."

"பாத்தேம்மா."

"மெரண்டு போயிருந்தாராமே."

சவரிமுத்து என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அவள் விடவில்லை. "எப்படி இருந்தாரு? நீங்க கண்டத சொல்லுங்க. படிச்சது வேணாம்."

"வாயத் தொறந்துக்கினு இருந்தாரும்மா. தலைய இப்படி முன்னால நீட்டிக்கினு... கண்ண இடுக்கி... என்னையே பாத்துக்கினு..."

சொல்லிக்கொண்டே அவர் தலையை நீட்டிக் காட்டினார். கண்ணை இடுக்கினார். கொட்டகையில் 'இடுக்கி' என்று சொல்லவில்லை. அல்லது சொல்லியிருந்து நான் கேட்கவில்லையோ. இப்போதும் எனக்குத் தெரியாது.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். பாதி சிரிப்பு.

"அவரு எப்பவும் அப்படித்தான் அண்ணே. கண்ணு மங்கலு. எதுக்க யாரு வந்தாலும் வாயப் பொளந்துக்கினு, கழுத்த நீட்டிக்கினு பாப்பாரு. தெரிஞ்சவங்களா, நம்ம ஊரு ஆளானு. காலையில வெயிலு வேற மூஞ்சியில. நான் திட்டிக்கினே இருப்பேன், ஈ பூந்துடப்போவுது, மூடுய்யான்னு."

சவரிமுத்து அப்படியே வேப்ப மரத்து வேரில் உட்கார்ந்துவிட்டார்.

வெயில் செத்தவர் முகத்திலா அடித்திருக்கும்? பஸ்தான் கிழக்கே பார்த்து வந்தது. பஸ்ஸைப் பார்த்துத் திரும்பியவருக்கு வெயில் முதுகில். கேள்வி நாக்குநுனி வரை வந்தது. முப்பது வருஷம் இதே கேள்விகளைக் கேட்டுத்தான் சோறு தின்றேன். அவளும் தன் ஞாபகத்தைத்தான் எடுத்து வைக்கிறாள், அவளுக்கு வேண்டிய வெளிச்சத்தில். அவர் மிரண்டாரா, உற்றுப் பார்த்தாரா? மிரண்டது என்று எழுதியவன் நான். நான் எழுதுமுன் சவரிமுத்து 'மெரண்டு' என்று எப்போதாவது சொன்னாரா, அல்லது அந்த மிரட்சி பஸ்ஸுக்குள் இருந்தவருடையதா? அதை எடுத்துச் செத்தவர் முகத்தில் ஒட்டியது என் பேனாவா? முதல் தப்பைத் திருத்தப் போன அதே காலையில் அதே தப்பை இரண்டாம் முறையும் செய்திருந்தேன்.

கோர்ட் முடிந்துவிட்டது. இனி யாருக்கும் எதுவும் நிரூபிக்க வேண்டியதில்லை. சட்டைப்பையில் இருந்த பேனாவை அழுத்திப் பிடித்துக்கொண்டேன், வெளியே வந்துவிடாதபடி.

"வேற இன்னாம்மா பண்ணுவாரு?" என்று சவரிமுத்து கீழேயிருந்து கேட்டார்.

அவள் தம்பியிடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டு அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அந்த மனுஷரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். சந்தையில் தெரியாத ஆளைக் கூப்பிட்டு நலம் விசாரித்தது, கல்யாண வீட்டில் வேறு யாருடைய மாமனாருக்கோ கும்பிடு போட்டது. நான் நின்றபடி கேட்டேன். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு இரண்டு பஸ் போய்விட்டது. ஒரு வரிகூட எழுதவில்லை.